இறக்கை இருந்தது, எஞ்சின் இல்லை!

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள். அன்று பிடித்த மழை மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது! முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பிள்ளைகளைத் தோளிலே தூக்கிக்கொண்டு மக்கள் மாடிக்கு ஓடினர். அடையாறு கரையை மறந்தது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை எது, ஆறு எது என்று தெரியவில்லை. வானத்தை அளக்கும் வல்லமை பெற்ற விமானங்கள், குட்டையில் இறங்கிய எருமைகளைப்போல் தண்ணீரில் நின்றன. நிலையத்தை நாட்கணக்கில் மூடினார்கள். பறந்தே ஆகவேண்டியவர்கள் அரக்கோணத்துக் கடற்படைத் தளத்துக்குப் போய் ஏறினார்கள்.

மழை வந்தது, போனது. அதை ஏன் இப்போது கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, தோழர்களே!

விமானம் ஒரு கிலோ எண்ணெயை எரித்தால் 3.16 கிலோ கரியமில வாயு வானத்தில் சேருகிறது. ஒரு கிலோ எப்படி மூன்று கிலோ ஆகும் என்று மலைக்க வேண்டாம். எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராண வாயுவைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது, எடை கூடுகிறது. அந்த வாயு பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வையாகிறது. காற்று சூடேறினால் கூடுதலாக நீரைச் சுமக்கும். சுமந்ததைக் கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். அந்த ஒரு நாள் மழையை விமானந்தான் கொண்டு வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பகுத்தறிவு என்னை மன்னிக்காது. உலகத்தார் வானத்தில் சேர்க்கும் கரியமில வாயுவில் விமானத்தின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைதான். ஆனால் அந்த இரண்டரையைச் சேர்ப்பவர் யார்? உலகத்திலே ஆண்டுக்கு ஒரு முறையேனும் விமானமேறுகிறவர் சிறு தொகையினர். முடிச்சூரில் இடுப்பளவு நீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களில் பலர், விமானத்தை அண்ணாந்து பார்த்ததன்றி அதில் ஏறி அறியாதவர்கள். பறந்தவன் கணக்கு ஒரு பக்கம், நனைந்தவன் கணக்கு மறுபக்கம்!

விமானமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? கடல் கடந்து பிழைக்கப் போன மகன், தாய் இறந்த சேதி கேட்டுக் கப்பலேறி வரமுடியுமா? பறக்கத்தான் வேண்டும். குறைந்த எண்ணெயில், குறைந்த செலவில், வானத்தைக் கெடுக்காமல் பறக்க வேண்டும். இன்று உலகத்தின் ஆராய்ச்சிக் கூடங்களிலெல்லாம் இதுதான் வேலை. அந்த வேலையின் பாலபாடத்தை, மீனம்பாக்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நம்முடைய குரோம்பேட்டையிலேயே ஒருவர் வந்து சொல்லிப்போனார். அவர் பெயர் குர்ட் டாங்க். ஜெர்மானியர். அவருடைய வாழ்க்கை புகழ்மாலை சூட்டத்தக்க வாழ்க்கையன்று. ஆனால் படித்துத் தெளியவேண்டிய வாழ்க்கை.

1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், பிராம்பர்க் என்ற ஊரிலே பிறந்தார். அன்று அது ஜெர்மன் ஊர். இன்று போலந்துக்குச் சொந்தம். படைவீரர் குடும்பம். மகனுக்கோ வானத்தின்மீது ஆசை. முதல் உலகப்போர் மூண்டபோது குடும்ப வழக்கமே வென்றது. டாங்க் குதிரைப்படையில் சேர்ந்தார். சேற்றிலும் குண்டுமழையிலும் எந்தக் குதிரை நின்று உழைக்கிறது, எந்தக் குதிரை பந்தயத்துக்கு மட்டும் அழகாக இருக்கிறது என்பதை அங்கே கண்ணாரக் கண்டார். விமானம் வரைய வந்த பிறகும் அந்தக் குதிரைப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

போர் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. வென்றவர்கள் அந்த நாட்டின் விமானத் தொழிலுக்கு விலங்கு பூட்டினார்கள். பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்த டாங்க், தோழர்களோடு கூடி மாணவர் பறத்தல் கழகம் கண்டார். எஞ்சினுக்கு வழியில்லாத காலத்தில் எஞ்சினில்லாமலே பறந்தார்கள். காற்றிலே வழுக்கிச் செல்லும் மிதவை விமானம் அது.

அங்கேதான் சிக்கனத்தின் முதற் பாடம் இருக்கிறது. எஞ்சின் இருந்தால் தவற்றை எண்ணெய் ஊற்றி மறைக்கலாம். எஞ்சின் இல்லாவிட்டால் ஒவ்வொரு தவறும் விமானத்தைக் கீழே இழுக்கும். பல்லாவரம் மலைமேல் வட்டமிடும் பருந்தைப் பாருங்கள். சிறகை அடிக்காமலே எவ்வளவு நேரம் மிதக்கிறது! சிட்டுக்குருவியால் முடியுமா? இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது; அந்தத் தள்ளலின் எதிர்விசைதான் விமானத்தைத் தாங்குகிறது. ஆனால் இறக்கையின் நுனியிலே, கீழேயுள்ள காற்று மேலே பாய்ந்து சுழலாகிறது. அந்தச் சுழல் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறது. இறக்கை நீண்டு ஒடுங்கியிருந்தால் சுழலின் தொல்லை குறையும். குட்டையாய் அகன்றிருந்தால் கூடும். இன்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்காக வளைத்ததன்று அது; எண்ணெய்க் கணக்குக்காக வளைத்தது.

1923-இல் பட்டம் பெற்றார். உலோகத்தில் கடல்விமானம் கட்டும் ரோர்பாக் கம்பெனியிலே வேலை பழகினார். பிறகு மெஸர்ஷ்மிட் கம்பெனியில் சில காலம். 1931-இல் பிரேமன் நகரத்து ஃபோக்கே உல்ஃப் தொழிற்சாலைக்கு வந்து, வடிவமைப்பின் தலைவரானார். தாம் வரைந்த விமானத்தைத் தாமே ஓட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். சமைத்தவரே முதற்கவளம் உண்பதைப் போன்றது அது. தவறிருந்தால் முதலில் தம்முடைய கழுத்துக்குத்தான் ஆபத்து என்பதை அறிந்தே வரைந்தார்.

அந்த நாளில் அட்லாண்டிக் மாகடலைப் பயணிகளோடு தாண்டவேண்டுமானால் மிதக்கும் படகு விமானந்தான் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். வழியில் பழுதானால் தண்ணீரில் இறங்கலாமே என்ற ஆறுதல். ஆனால் படகின் வயிற்றைக் கட்டிக்கொண்டு பறந்தால் காற்று சும்மா விடுமா? ஒவ்வொரு கல் தூரத்துக்கும் தண்டம் வாங்கும். டாங்க் வேறு வழி கண்டார். தரையில் இறங்கும் விமானம், நீண்டு ஒடுங்கிய இறக்கை, சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளும் வழவழப்பான உடல், நான்கு எஞ்சின், இருபத்தாறு பயணிகளுக்கு இடம். தென்னமெரிக்காவின் பெருங்கழுகான கோண்டாரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1937-இல் அது பறந்தது. 1938 ஆகஸ்டில் பெர்லினில் கிளம்பி, எங்கும் இறங்காமல், ஏறத்தாழ 25 மணி நேரத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. உலகம் வாய் பிளந்தது!

வாய் பிளந்த உலகம் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். பயணிகள் உட்காரவேண்டிய இடத்திலே எண்ணெய்த் தொட்டிகள்! தூரம் போக எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயைச் சுமக்க மேலும் எண்ணெய் வேண்டும். கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கும் குடும்பத்தின் கதைதான். இறக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், எடை குறைந்தாலன்றி, எஞ்சின் திருந்தினாலன்றி, கணக்கு நேராகாது. அதே ஆண்டின் இறுதியில் டோக்கியோ வரை போய்த் திரும்பிய அந்த விமானம், எஞ்சின்களுக்கு எண்ணெய் கிட்டாமல் மணிலாவுக்கருகே கடலில் விழுந்தது. வெற்றியும் தோல்வியும் எண்ணெயிலே எழுதப்பட்டன.

பிறகு வந்தது போர். இட்லரின் வெறியாட்டம். மக்களை ஏற்றிச் செல்லப் பிறந்த கோண்டார், குண்டுகளை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் கப்பல்களை மூழ்கடிக்கப் போயிற்று. பயணிகளுக்கென்று எடை குறைத்துக் கட்டிய உடல் அது. போர்ச்சுமையைத் தாங்க மறுத்தது. தரையிறங்கும்போது முதுகொடிந்து விழுந்த கோண்டார்கள் பல. இது இரண்டாம் பாடம். எதற்காகக் கட்டினாயோ அதற்காக மட்டுமே எடை குறைக்கலாம். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கணக்குத் தெரிந்தவன் எடை குறைப்பான், கணக்குத் தெரியாதவன் முதுகை ஒடிப்பான்.

போருக்கென்றே டாங்க் வரைந்த விமானம் ஃபோக்கே உல்ஃப் 190. பந்தயக் குதிரை வேண்டாம், பாரம் இழுக்கும் படைக்குதிரை வேண்டும் என்று எண்ணி அதை வரைந்தார். காற்றால் குளிரும் அகன்ற முகத்து எஞ்சினைப் பொருத்தினால் இழுவை கூடும் என்று பலரும் சொன்னபோது, அந்த முகத்தை இறுக்கமாக மூடி, முன்னால் ஒரு விசிறியைச் சுழலவிட்டு, காற்றை அளந்து உள்ளே அனுப்பினார். இருபதாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். போரின் கடைசியில், மெல்லிய காற்றுள்ள உயரத்தில் பறக்க, அதன் இறக்கையை 14.44 மீட்டருக்கு நீட்டி மற்றொன்று வரைந்தார். பழைய மிதவைப் பாடம் அங்கும் உதவிற்று.

உதவிற்று, ஆனால் யாருக்கு? இந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு வாழ்க்கை வரலாறு எழுதுவது நம்மால் முடியாது. இனவெறி ஆட்சிக்கு இறக்கை பூட்டியவர் அவர். அந்தத் தொழிற்சாலைகளில் பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் கட்டாய உழைப்பில் வாடினார்கள். காற்றின் இழுவையை அணுவணுவாகக் கணக்கிட்ட அறிஞருக்கு, அந்த மனிதர்களின் கண்ணீர் கணக்கில் வரவில்லை. அறிவு தானாக அறமாகிவிடாது, தோழர்களே! கத்தியைத் தீட்டத் தெரிவது ஒன்று. எதை வெட்டுவது என்று தெரிவது வேறொன்று.

ஜெர்மனி வீழ்ந்தது. விமானத் தொழில் அங்கே தடைப்பட்டது. 1947-இல் டாங்க் வேறு பெயர் பூண்டு அர்ஜென்டினா போனார். பெரோன் ஆட்சியின் ஆதரவில், பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையோடு ஒரு ஜெட் விமானம் வரைந்தார். 1950-இல் அது பறந்தது. 1955-இல் பெரோன் வீழ்ந்தார். டாங்கின் கூட்டம் சிதறியது. இம்முறை அவருக்கு அடைக்கலமும் வேலையும் தந்தது இந்தியா.

இனி நம் ஊர்க் கதை. தோல் பதனிடும் குரோம் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், 1949-இல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. சி. ராஜம் என்ற தொழிலதிபர், தம்முடைய மாளிகையை விற்ற பணத்தைப் போட்டுக் கட்டிய கல்லூரி. கோயிலுக்குக் கோபுரம் எழுப்புவோரையும் குளம் வெட்டுவோரையும் கண்ட நாட்டில், வீட்டை விற்று விமானப் படிப்புக்கு வழிசெய்தவர் அவர். இன்று அது அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் உறுப்பு, எம்.ஐ.டி. என்றால் தாம்பரம் ரயிலில் போகிற சிறுவனுக்கும் தெரியும். அங்கேதான் டாங்க் ஆசிரியப் பணிக்கு வந்தார். கோண்டாரை வரைந்த கை, குரோம்பேட்டைக் கரும்பலகையில் எழுதிற்று!

அந்தக் கல்லூரியில் அந்தக் காலத்தில் பயின்றவர்களில் ஒருவர், இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகன் அப்துல் கலாம். கல்லூரியில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்காள் சோகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரி வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைச் சுற்றிச் சுற்றி வந்தே அந்த இளைஞருக்கு விமானவியலில் மனம் ஊன்றியது. அறிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? பெர்லினிலிருந்து பாதி வருகிறது. அக்காளின் வளையலிலிருந்து பாதி வருகிறது.

குரோம்பேட்டையிலிருந்து டாங்க் பெங்களூர் போனார். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், இந்தியா தானே கட்டும் முதல் ஜெட் போர் விமானம் வரையும் பொறுப்பு அவருக்கு. மாருத் என்று பெயர். காற்றைக் குறிக்கும் சொல். ஜெர்மானியர் சிலரும் நம் நாட்டு இளம் பொறியாளர்களும் சேர்ந்து உழைத்தனர். முதலில் மரத்தாலே முழு அளவில் எஞ்சினில்லாத ஒன்றைச் செய்தார்கள். டக்கோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்து, 1959-இல் வானத்தில் அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள். மாணவப் பருவத்து மிதவைப் பழக்கம் முதுமையிலும் போகவில்லை! 1961 ஜூனில், சுரஞ்சன் தாஸ் என்ற விமானப்படை அதிகாரி ஓட்ட, மாருத் தன் எஞ்சினோடு பறந்தது.

தன் எஞ்சினோடு என்றேனே, அங்கேதான் சோகம். விமானத்தை வரைந்தது 8,170 பவுண்டு உந்துவிசை தரும் பிரிட்டிஷ் எஞ்சின் ஒன்றை நம்பி. ஒலியைப்போல் இருமடங்கு வேகம் என்பது கனவு. பிரிட்டிஷ் அரசு அந்த எஞ்சினுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. மேற்கொண்டு ஆகும் செலவை நீங்கள் ஏற்பீர்களா என்று இந்தியாவைக் கேட்டார்கள். தில்லி கைவிரித்தது. மாருதுக்குக் கிடைத்தது 4,850 பவுண்டு எஞ்சின்கள் இரண்டு. காளை பூட்டவேண்டிய வண்டியில் கன்றைப் பூட்டிய கதை! ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. எஞ்சினின் பலத்தைக் கூட்ட முயன்றார்கள். அந்தச் சோதனையில் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிரையே விட்டார். 147 மாருதுகள் கட்டினார்கள். 1971 போரில் அவை உழைத்தன. ஓட்டியவர்கள் அதன் உடலைப் புகழ்ந்தார்கள். உடல் நம்முடையது, உயிர் இரவல்!

டாங்க் 1967-இல் தொழிற்சாலையை விட்டு விலகினார். பின்னர் ஜெர்மனிக்கே திரும்பினார். 1983 ஜூன் 5-ஆம் நாள் மியூனிக் நகரில் மறைந்தார். அந்த நகரத்தையடுத்த விமானக் காட்சிச்சாலை ஒன்றில் இன்றும் ஒரு மாருத் நிற்கிறது. பெங்களூரில் பிறந்த பறவை, தன்னை வரைந்தவர் கண்மூடிய மண்ணருகே ஓய்வு கொள்கிறது.

ஒரு போர் விமானத்தின் எஞ்சினுக்கும் முடிச்சூர் வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு நேரானது. விமானம் குறைந்த எண்ணெயில் பறக்க மூன்று வழிகள்: இறக்கை, எடை, எஞ்சின். டாங்கின் வாழ்க்கை மூன்றையும் காட்டிற்று. முதலிரண்டை நாம் கற்றுக்கொண்டோம்; மூன்றாவதில் கையேந்தி நின்றோம். இன்று பெருஞ்சேமிப்பு பிறப்பது அந்த மூன்றாவதிலேதான். மாருதின் எஞ்சின், உள்ளிழுத்த காற்று முழுவதையும் அடுப்புக்குள் அனுப்பி வேகமாக உமிழ்ந்தது. சிறிது காற்றை வெகுவேகமாக உமிழ்வதைவிடப் பெருங்காற்றை மெல்லத் தள்ளுவதே சிக்கனம். இன்றைய பயணி விமான எஞ்சின்களில் புதியவை, அடுப்புக்குள் போகும் காற்றைப்போல் 11 பங்கைப் பெரிய விசிறியால் வெளிப்புறமாகவே தள்ளுகின்றன. முந்தைய தலைமுறை எஞ்சின்களைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து எண்ணெய் மிச்சம். எண்ணெய் மிச்சமானால் காசும் மிச்சம், கரியும் மிச்சம்.

அந்த எஞ்சின்கள் யாருடையவை? அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு! நம் நாட்டுப் பயணிகளைச் சுமக்கும் பெரிய ஜெட் விமானம் ஒன்றிலேனும் நாம் வடிவமைத்த எஞ்சின் இல்லை. 2001-இல் பறந்த தேஜஸ் போர் விமானத்துக்கென்று காவேரி என்ற பெயரில் எஞ்சின் செய்ய முனைந்தார்கள். அது கைகூடாமல் 2008-இல் அந்த விமானத்தினின்று பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடு பறக்கிறது. மாருதுக்கு நேர்ந்ததே நாற்பதாண்டு கழித்தும் நேர்ந்தது. எஞ்சினைக் கடையில் வாங்குகிறவன் எண்ணெய்ச் சிக்கனத்தையும் கடைக்காரன் சொல்லும் விலையில்தான் வாங்கவேண்டும்.

நம்மால் முடியாதா? ஏன் முடியாது! கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.யில் எரிதலையே ஆராயும் தேசிய மையம் இருக்கிறது. எண்ணெய் எப்படி முழுதும் எரிகிறது, புகை எப்படிக் குறைகிறது என்பதே அங்கே பாடம். 2018 ஆகஸ்டில் காட்டாமணக்கு விதையில் எடுத்த எண்ணெயைக் கலந்து டேராடூனிலிருந்து தில்லிக்கு விமானம் பறந்து காட்டியது. குரோம்பேட்டையில் இன்றும் பிள்ளைகள் இறக்கை வரைகிறார்கள். தாம்பரத்துப் படைத்தளத்தில் விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தருகிறார்கள். வரையும் கை உண்டு, ஓட்டும் கை உண்டு. இல்லாதது, பத்தாண்டு இருபதாண்டு பொறுத்திருந்து எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் மனம். அன்று கைவிரித்த தில்லி இன்னமும் விரலை எண்ணிக்கொண்டிருக்கலாமா? அக்காளின் வளையலுக்கு இருந்த துணிச்சல் ஓர் அரசின் கருவூலத்துக்கு இல்லாமற் போகலாமா?

டாங்கிடமிருந்து இறக்கையின் இலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். எவனுக்காக வரைகிறோம் என்று கேளாத அந்தக் குருட்டுத்தனத்தை அவரோடே விட்டுவிடுவோம். நம் பிள்ளைகள் எஞ்சின் வரையும்போது, மேலே உட்கார்ந்து பறக்கிறவனை மட்டும் நினைக்கவேண்டாம். கீழே முடிச்சூரில், அடுத்த டிசம்பரை நினைத்து வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றுகிறவளையும் நினைக்கட்டும்.